பாக்கும் உயிரணுவின் சோதனைச்சாவடியும்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பாக்கைக் குறை சொல்வது, குடியிருக்கும் வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றுவதைப் போன்றது. பூலாவ் பினாங்கு என்ற மலாய்ப் பெயருக்கே பாக்குத் தீவு என்றுதான் பொருள். ஆயினும், வேதிப்பொருள்கள் நம் மரபணுக்களை எவ்வாறு விழித்தெழச் செய்கின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது, ஆய்வுக்கூடத்துக் குடுவைகளுக்கு முன்பாக என் நினைவுக்கு வந்தது, தோட்டப்புறத்து வீட்டுத் திண்ணையில் என் பாட்டி பாக்கு இடித்த சிற்றுரலின் ஓசைதான். அந்த ஓசைக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். மனித உயிரணுவில் அது தொகுதிக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள் வீதம் இரண்டு தொகுதிகள். அந்த இழையில் எங்கேனும் முறிவோ கறையோ இருந்தால், பழுது பார்க்கும்வரை பிரிவதை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஒன்று உயிரணுவுக்குள்ளேயே உண்டு. அதை உயிரியலார் சோதனைச்சாவடி என்கின்றனர்.

இதைத் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட். அமெரிக்காவில் டெட் வைனர்ட்டும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ் கதிர் பட்ட ஈஸ்ட் அணுக்கள் பிரியாமல் நின்று, பழுதைச் சரிசெய்துகொண்டு, பிறகு தொடர்ந்தன. ராட்9 என்ற மரபணு கெட்டுப்போன ஈஸ்ட்டோ நிற்காமல் பிரிந்து மடிந்தது. நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது அதற்கு அடுத்த கட்டத்தைத்தான். அதே குறையுள்ள ஈஸ்ட்டை ஒரு பூஞ்சைக்கொல்லி மருந்தால் சில மணி நேரம் பிரியவிடாமல் வலிந்து நிறுத்தி வைத்தபோது, அவற்றில் பல பிழைத்துக்கொண்டன. பழுது பார்க்கும் திறன் அவற்றிடம் இருந்தது. நிற்கச் சொல்வதற்குத்தான் ஆளில்லை. ஹார்ட்வெல்லுக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மனித உயிரணுவில் இந்தக் காவலுக்கு அடுக்கடுக்கான ஆட்கள் உண்டு. ஏடிஎம், ஏடிஆர் என்ற இரண்டு புரதங்கள் சேதத்தை முதலில் உணர்ந்து, செக்1, செக்2 என்பவற்றைத் தட்டி எழுப்புகின்றன. செய்தி பி53 என்ற புரதத்தை எட்டுகிறது. அமைதியான நேரத்தில், உண்டாகும் பி53ஐ எம்டிஎம்2 என்ற மற்றொரு புரதம் சில நிமிடங்களிலேயே அழிவுக்கு அனுப்பிவிடும். செய்யச் செய்ய அழிப்பது வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் ஆபத்து வந்ததும், புதிதாகச் செய்யத் தொடங்காமல், அழிப்பதை நிறுத்தினாலே போதும் என்பதால், பி53 விரைவில் குவிந்துவிடுகிறது. குவிந்த பி53 வேறு சில மரபணுக்களை இயக்குகிறது: பி21 பிரிவதைத் தடுக்கிறது, காட்45 பழுது பார்ப்பதில் துணை நிற்கிறது, சேதம் மீறிப்போனால் உயிரணுவையே மாய்த்துக்கொள்ளச் செய்யும் மரபணுக்களும் எழுகின்றன.

இனி, இந்தக் காவலர்களை எழுப்பும் அபாய மணியை அடிக்கும் வேதிப்பொருள்கள். ஆய்வுக்கூடங்களில் பழகிய மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட், டிஎன்ஏவின் எழுத்துகளில் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டத்தை ஒட்டிவிடுகிறது. ஹைட்ராக்ஸியூரியா இழையைத் தொடுவதே இல்லை. டிஎன்ஏவுக்கான மூலப்பொருளைச் செய்யும் நொதியை முடக்கிவிடுவதால், படியெடுப்பு பாதியில் நின்றுபோகிறது. உடனே ஈஸ்ட், அரிசித் தட்டுப்பாடு வந்ததும் ஆலையைக் கூடுதல் நேரம் ஓட்டுவதைப் போல, அதே நொதிக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகளும் டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் வேலை செய்கின்றன. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டினும் அப்படித்தானா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. அது டிஎன்ஏவைத் தாங்கிய குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல்களைக் கலைப்பது. அது மாட்டிக்கொள்ளும் சோதனைச்சாவடியே வேறு.

இந்த மரபணுக்கள் எழுவதையே ஒரு சோதனையாகவும் மாற்றியிருக்கிறார்கள். காட்45 மரபணுவின் இயக்கப் பகுதியோடு, ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிப்புரதத்தின் மரபணுவை இணைத்து மனித உயிரணுக்களில் வைத்துவிட்டால், புதிய மருந்தோ சாயமோ டிஎன்ஏவைச் சேதப்படுத்தும்போது அந்த உயிரணுக்கள் பச்சையாக ஒளிரும். எலிகளைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நடத்தும் சோதனைக்கு முன்பே, எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடுகிறது. எனினும் ஒளிராததால் மட்டும் ஒரு பொருள் நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது. அதற்குப் பாக்கைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

பாக்கில் உள்ள அரிகோலைன் என்ற ஆல்கலாய்டை, அதாவது தாவர வேதிப்பொருளை, மனித உயிரணுக்களில் இட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முடிவு இரட்டை முகம் கொண்டது. டிஎன்ஏ சேதமுற்றது, ஏடிஎம்மும் செக் புரதங்களும் எழுந்தன; அதுவரை ஒழுங்குதான். ஆனால் அதே நேரத்தில் பி53 குறைந்தது, அது இயக்க வேண்டிய பி21 தணிந்தது, பழுது பார்ப்பதும் மந்தமானது. கள்ளன் சன்னலை உடைப்பது ஒரு குற்றம்; உடைத்த கையோடு காவல் நாயின் வாயையும் கட்டிவிடுவது அதனினும் பெரிய குற்றம். ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் உயிரணு வேறு, வாய் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சிஸ்பிளாட்டினைப் போல் உரக்கச் சத்தமிட்டுத் தாக்கும் பொருளைவிட, இப்படிப்பட்ட பொருளுக்கே நான் கூடுதலாக அஞ்சுகிறேன். சுண்ணாம்பு சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது: அதன் காரத்தன்மையில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, டிஎன்ஏவைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகளைக் கக்குகின்றன.

“புகையிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றும் செய்யாது” என்று என் பாட்டி சொல்வார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டும்தான் புற்றுநோய் ஊக்கி என்றது. ஆகவே அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2004இல் வந்த அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், பாக்கைத் தனியாகவுமே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் அம்முகமை சேர்த்துவிட்டது. மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, மிகுந்து காணப்படுவதற்குத் தோட்டப்புறத்து வெற்றிலைப் பழக்கம் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

திருமணத் தாம்பாளத்தில் வைக்கும் பாக்கைப் பற்றி எனக்கு வழக்கில்லை. வாயின் உட்புறத்தில் இருப்பதைப் போன்ற சளிச்சவ்வு தாம்பாளத்துக்குக் கிடையாது. நெடுநாள் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்த்தன்மை அடைந்து, வாய் சிறுகச் சிறுகத் திறக்க மறுக்கும். மெல்லுவதை விட்ட பிறகும் அந்த இறுக்கம் பெரும்பாலும் முழுவதுமாக நெகிழ்வதில்லை. இதை வீட்டிலேயே பார்க்க முடியும். உங்கள் வீட்டுப் பெரியவரை, அவருடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நெட்டுவாக்கில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழையாவிட்டாலும், கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலும், அருகிலுள்ள அரசு பல் மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது எத்தனை ஆண்டுகளாகப் பாக்குப் போடுகிறார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். வணக்கம்.