குனிந்த முதுகைத் தாங்கும் நார்கள்

நேயர்களுக்கு வணக்கம். குறுவை நடவு மும்முரமாக நடக்கும் நேரம். நடவாளாகப் போகும் அம்மாக்கள் என்னிடம் வந்தால், "இடுப்பு விட்டுப்போச்சு டாக்டர், எலும்பு தேஞ்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். எலும்புக்கு அப்புறம் வருவோம். எலும்பை எலும்போடு கட்டிவைத்திருக்கும் லிகமென்ட் என்ற நார்களை முதலில் பார்ப்போம்.

நடுமுதுகில் விரலை வைத்துக் கீழ்நோக்கித் தடவுங்கள். முட்டு முட்டாகத் தட்டுப்படுபவை முள்ளெலும்புகளின் பின்முனைகள். அப்படியே குனிந்தால், அவற்றின் இடையே ஒரு நார் விறைப்பது விரலுக்குத் தெரியும். அதற்கும் உள்ளே, தண்டுவடம் போகும் பாதையின் பின்சுவரில் இன்னொரு நார். அறுவை சிகிச்சையில் பார்த்தால் நல்ல மஞ்சளாக இருக்கும். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் எலாஸ்டின் என்ற, ரப்பர் போல நீளும் புரதம் என்பதால், குனிந்தால் நீளும், நிமிர்ந்தால் மடிப்பு விழாமல் சுருங்கிக்கொள்ளும். இவை தவிர, முள்ளெலும்புகளின் முன்னும் பின்னும் கழுத்திலிருந்து இறங்கும் இரண்டு நீளப் பட்டைகள். பின்பட்டை இடுப்புப் பக்கம் குறுகிவிடுகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் பின்பக்க ஓரமாகப் பிதுங்கிக் கால் நரம்பை அழுத்த அதுவும் ஒரு காரணம்.

சரி, வயலுக்கு வருவோம். குனியத் தொடங்கும்போது முதுகுத் தசைகள்தான் பாரத்தைப் பிடிக்கின்றன. முழுக்கக் குனிந்ததும் அவை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். பாரம் நார்களுக்கும் டிஸ்க்குக்கும் போய்விடும். நெடுநேரம் இழுபட்ட நார், நிமிர்ந்த உடனே பழைய நீளத்துக்குத் திரும்பாது. அந்த நேரத்தில் வரப்பேறி நாற்று முடிகளைத் தூக்குவதுதான் ஆபத்து. அவ்வப்போது நிமிருங்கள். கரையேறியதும் கைகளை இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னால் சாயுங்கள், கொஞ்சம் நடங்கள், பிறகு தூக்குங்கள். வேலை வாங்குபவர்களே, அந்த ஐந்து நிமிடத்தைத் தயவுசெய்து சோம்பலாகப் பார்க்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. வயதானால் அந்த மஞ்சள் நார் தடித்து நரம்புப் பாதையை நெருக்கலாம். கடைத்தெரு வரை நடந்தால் கால் மரத்துப்போகும், உட்கார்ந்தால் சரியாகும். ஆனால் குனிந்தபடி சைக்கிள் மிதிப்பது சுலபமாக இருக்கும். அப்படி இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் போகச் சிரமமானாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.