வீட்டுக் கூடத்தில் ஒரு பசிபிக் தீவுத் திரைப்பட இரவு

[காட்சி: பாயின் மேல் பச்சைத் தென்னை ஈர்க்குகள், சோழிகள், நூல்கண்டு]

வணக்கம். விடுமுறை மாலையொன்றில் வெப்பமண்டலத் தீவுச் சூழலைக் கூடத்திற்குள் கொண்டுவந்து, கைவேலையும் உணவுமாக ஒரு திரைப்பட இரவை நடத்துவது எப்படி என்று இந்த வீடியோவில் பார்ப்போம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பூமாலைகளையும் காகிதக் குடைகளையும் வாங்கிக் குவிப்பதை விட, முதலில் படத்தைத் தீர்மானித்துவிட்டு, அந்தக் கதை நடக்கும் மண்ணிலிருந்தே மற்ற அனைத்தையும் எடுத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் குழந்தைகள் ஓர் இடத்தை உண்மையாகவே அறிந்துகொள்கிறார்கள்.

நாம் தேர்ந்தெடுத்திருப்பது 2016-இல் டிஸ்னி வெளியிட்ட ‘மோவானா’. பசிபிக் பெருங்கடலின் பாலினீசியா என்ற தீவுப் பகுதியில், ஒரு தீவின் தலைவருடைய மகள், முன்னோர் கைவிட்ட நெடுங்கடல் பயணத்தை மீண்டும் தொடங்கும் கதை அது. 107 நிமிடம் ஓடும் படம் என்பதால், ஐந்து மணிக்குக் கைவேலையைத் தொடங்கினால் ஏழு மணிக்குப் படத்தைப் போட்டு, ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். நெருப்பைக் கக்கும் எரிமலை அரக்கி வரும் காட்சிகளில் மிகச் சிறிய பிள்ளைகள் அஞ்சக்கூடும். அவர்களை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: வளைத்த ஈர்க்கு ஒன்றை நூலால் கட்டும் சிறு கைகள்]

கைவேலைக்கு மார்ஷல் தீவுகளின் கடல் வரைபடத்தைப் பரிந்துரைக்கிறேன். அத்தீவுகளின் மாலுமிகள் ஓலை ஈர்க்குகளைச் சட்டமாகக் கட்டி, கடலின் பெருஅலைகள் தீவுகளைச் சுற்றி எப்படி வளைகின்றன என்பதை வளைந்த ஈர்க்குகளாலும், தீவுகளைச் சிப்பிகளாலும் குறித்தார்கள். அந்த வரைபடத்தை அவர்கள் படகில் கொண்டுசெல்வதில்லை. கரையிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, கடலில் படகின் ஆட்டத்தை உடலால் உணர்ந்தே வழியறிந்தார்கள். காய்ந்த துடைப்பக் குச்சி வளைக்கும்போது ஒடிந்துவிடும் என்பதால், பச்சை ஓலையிலிருந்து கிழித்தெடுத்த ஈர்க்குகளைப் பயன்படுத்துங்கள். நான்கு ஈர்க்குகளால் சதுரச் சட்டம் கட்டி, குறுக்கே இரண்டைப் பொருத்தி, வளைவுகளை அவற்றின் மேல் நூலால் முடிந்து, முடிச்சுகள் மேல் சோழிகளை ஒட்டினால் போதும். சோழிகளை வாயில் போடும் வயதுப் பிள்ளைகளுக்கு, தீவுகளை வண்ணக் காகிதத்தில் வெட்டிக் கொடுங்கள்.

மார்ஷல் தீவுகள் பசிபிக்கின் மற்றொரு தீவுப் பகுதியான மைக்ரோனீசியாவைச் சேர்ந்தவை, பாலினீசியாவை அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஏனெனில் இரண்டு பகுதிகளையும் இணைக்கும் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. 1976-இல் ‘ஹொகூலேஆ’ என்ற இரட்டை உடல் பாய்க்கப்பல், திசைகாட்டி முதலான கருவிகள் எதுவுமின்றி, பாலினீசியாவின் ஹவாயிலிருந்து அதே பகுதியின் தாகித்தி வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்றது. அதை நட்சத்திரங்களையும் அலைகளையும் கொண்டு வழிநடத்திய மவு பியைலுக், மைக்ரோனீசியாவின் சடவால் தீவைச் சேர்ந்தவர். பிள்ளைகள் நூல் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் சொன்னால், திரையில் கதாநாயகி கையை வானத்துக்கு நீட்டி நட்சத்திரத்தை அளக்கும் காட்சி அவர்களுக்கு விளங்கும்.

[காட்சி: வாழையிலையில் வெள்ளைத் துண்டுகள்]

உணவைப் பொறுத்தவரை நமக்குப் பெரிய வசதி இருக்கிறது. பாலினீசியர் புதிய தீவுகளுக்குக் குடியேறும்போது படகில் ஏற்றிச்சென்ற பயிர்களில் தென்னை, வாழை, கரும்பு, சேம்பு, மஞ்சள் ஆகியவை இருந்தன. அவை நம் சமையலறையிலும் இருப்பவையே. ஆகவே சேப்பங்கிழங்கு வறுவல், நேந்திரம் சிப்ஸ், கரும்புச்சாறு ஆகியவற்றைத் தயக்கமின்றி வையுங்கள்.

இனிப்புக்கு ஹவாயின் ‘ஹவ்பியா’ செய்யலாம். இரண்டு கப் கெட்டித் தேங்காய்ப்பாலும் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரையும் மிதமான தீயில் சூடேறும்போது, கால் கப் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்த ஐந்து மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை ஊற்றி, கைவிடாமல் கிளற வேண்டும். கலவை பளபளத்துக் கெட்டியானதும் தட்டில் ஊற்றி, ஆறிய பின் ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வைத்துத் துண்டு போடுங்கள். முன்பு அங்கே பியா என்ற கிழங்கின் மாவைச் சேர்த்தார்கள். இருட்டில் சிந்தாமல் கையால் எடுத்துச் சாப்பிட முடிவதால், திரைப்பட இரவுக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியவில்லை.

திரைக்குக் கரையில்லாத வெள்ளை வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டினால் புரொஜெக்டர் படம் தெளிவாக விழும். தரையில் பாயும் தலையணையும் போதும்.

படம் முடிந்ததும் ஒரு சிறு விளையாட்டு உண்டு. ஒவ்வொருவரும் தாம் செய்த வரைபடத்தைத் துணியால் மூடிவிட்டு, எந்தத் தீவு எங்கே இருக்கிறது, அலை எந்தப் பக்கம் வளைகிறது என்று நினைவிலிருந்தே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன மாலுமிக்கு மீதமுள்ள ஹவ்பியாவில் முதல் துண்டைக் கொடுங்கள்.