2 வருஷமா, 70 வருஷமா?

அன்பான சகோதர சகோதரிகளே, எரேமியா 29:11 தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று கர்த்தர் சொல்கிற வசனம், அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்று சொல்கிற வசனம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அதைத்தான் சொல்லி அனுப்புகிறோம், கல்யாண வாழ்த்திலும் அதைத்தான் எழுதுகிறோம், வேலை போன நண்பனுக்கு போனில் அனுப்புவதும் அதுதான். நானும் பல பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாருக்காவது அனுப்பியிருக்கிறோமா? 10-ஆம் வசனம், "பாபிலோனில் எழுபதுவருஷம் நிறைவேறினபின்பு" என்று ஆரம்பிக்கிறது.

எழுபது வருஷம். எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதத்தில் வருகிற வசனம் இது, இதைக் கேட்டவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கி.மு. 597-ல் யூதாவின் ராஜாவான எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறையாகப் போன ஜனங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யாரை வாரிக்கொண்டு போனான் என்று 2 இராஜாக்கள் 24-இல் இருக்கிறது: பிரபுக்கள், பராக்கிரமசாலிகள், தச்சர், கொல்லர். அதாவது கையில் தொழிலும் உடம்பில் பலமும் இருக்கிறவர்கள், வாழ்க்கையின் நடுவில் நிற்கிறவர்கள். 30 வயதில் ஒருவன் எரேமியாவின் கடிதத்தைக் கேட்டிருந்தால், 70 முடியும்போது அவனுக்கு 100. அவன் உயிரோடு ஊர் திரும்பப் போவதில்லை என்பதை அந்த வசனம் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அப்படிச் சொன்ன கையோடுதான், உன்மேல் எனக்குச் சமாதானத்தின் நினைவுகள் இருக்கின்றன என்றும் சொல்கிறது.

இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். நம் சின்ன வயது விசுவாசத்துக்கு 11-ஆம் வசனம் மட்டும் போதும். பெரியவர்களான பிறகு 10-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்துவிட்டு, அதற்கப்புறமும் ஆமென் சொல்ல முடிகிறதா?

சரி, இதற்கு ஒரு அதிகாரம் முன்னால் போவோம். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். தேவாலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, இன்னும் 2 வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். ஆலயத்தின் பாத்திரங்கள் வரும், ராஜா வருவான், போனவர்கள் எல்லாரும் வருவார்கள். அவனும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றுதான் ஆரம்பிக்கிறான். எரேமியா அப்போது கழுத்தில் ஒரு நுகத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார், பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டியதைக் காட்டும் அடையாளமாக. அனனியா அதைக் கழற்றி எல்லார் முன்னிலையிலும் உடைத்துப் போடுகிறான்.

இந்த இடத்தில் என்னை எப்போதும் நிறுத்துவது, நுகம் உடைவதற்கு முன்னால் எரேமியா சொன்ன முதல் வார்த்தை. பொய் சொல்கிறாய் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார்! அவருக்கும் 2 வருஷம்தான் வேண்டும். ஜனங்கள் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டால் அவரைவிட யார் அதிகமாகச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்? ஆனால் ஆசை ஒரு பக்கம், ஆண்டவர் சொன்னது இன்னொரு பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நுகம் உடைந்தபோது அவர் பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை மறுபடி வந்த பிறகுதான் திரும்பி வந்து பேசுகிறார். கூட்டத்தின் நடுவே நுகத்தைப் பறிகொடுத்த ஒரு மனுஷர், தனக்கு வார்த்தை கொடுக்கப்படாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் பாருங்கள், முதிர்ச்சி எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால் நான் அந்த முதுகைத்தான் காட்டுவேன்.

எனக்கு 34 வயதில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு ஊழியர், 2 மாதத்தில் இவர் எழுந்து நடப்பார் என்று கர்த்தர் சொல்கிறார் என்றார். நான் அந்தத் தேதியை என் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். தேதி வந்தது, போனது. அப்பா நடக்கவில்லை. பதினோரு மாதம் படுக்கையில் இருந்து கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் பிறகு ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவாக இருந்திருக்கிறது என்று சொன்னார். அன்றைக்கு நான் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறம் வெகு நாள் ஆண்டவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சபைக்குப் போவேன், உட்கார்ந்திருப்பேன், எல்லாரும் பாடும்போது உதடு மட்டும் அசையும். என் விசுவாசம் செத்துவிட்டது என்றே நினைத்தேன். செத்தது நான் அனனியாவிடம் வாங்கி வைத்திருந்த விசுவாசம் என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் சிலர் அந்த இடத்தில் இப்போது இருக்கிறீர்கள். வாலிபர் கூட்டத்தில் அழுது ஒப்புக்கொடுத்தீர்கள், அப்போது எல்லாம் தெளிவாக இருந்தது, இப்போது 40-ஐ நெருங்கும்போது ஜெபம் வறண்டு கிடக்கிறது, கேள்வி கேட்டால் பின்வாங்கிப் போனவன் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயம். எரேமியாவை வாசியுங்கள், தயவுசெய்து வாசியுங்கள். 12-ஆம் அதிகாரத்தில் அவர் கர்த்தரோடு வழக்காடுகிறார், ஆகாதவர்களின் வழி ஏன் வாய்க்கிறது என்று நேரடியாகவே கேட்கிறார். அதற்கு அவருக்குக் கிடைத்த பதில் ஆறுதல் மாதிரியே இல்லை: காலாட்களோடு ஓடியே நீ இளைத்துப்போனால் குதிரைகளோடு எப்படி ஓடுவாய்? 20-ஆம் அதிகாரம் இன்னும் கடினம். 13-ஆம் வசனத்தில் "கர்த்தரைப் பாடுங்கள், கர்த்தரைத் துதியுங்கள்" என்கிறார். 14-ஆம் வசனத்தில், நான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக என்கிறார். அடுத்தடுத்த வசனம்! நம் சபைகளில் யாராவது இப்படிச் சாட்சி சொன்னால் மைக்கை வாங்கிவிடுவோம். வேதமோ அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே மனுஷன் வாயிலிருந்து, திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறது. அதனால் சொல்கிறேன், ஆண்டவரோடு சண்டை போடுகிறவன் அவரை விட்டுப் போகவில்லை, அவர் எதிரில்தான் நிற்கிறான். என்னைப் போலப் பேச்சை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றித்தான் அன்றைக்கு யாராவது கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது நோக்கம், அழைப்பு, தேவ சித்தம் என்று நாம் சொல்கிற விஷயம். இதில்தான் பெரியவர்கள் நிறையப் பேர் உள்ளுக்குள் வாடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "என் வாழ்க்கையில் கர்த்தருக்கு ஒரு பெரிய திட்டம் இருக்கிறது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், நான் கணக்கு எழுதிக்கொண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும்போதே அந்தத் திட்டம் என்னைத் தாண்டிப் போய்விட்டதோ" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். அந்தக் கடிதத்தில் சிறையிருந்தவர்களுக்கு என்ன நோக்கம் சொல்லப்பட்டது? வீடு கட்டுங்கள். குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள். நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள். அந்தப் பட்டணம் எது? பாபிலோன், அவர்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணம். மேடை இல்லை, பட்டம் இல்லை, பெரிய ஊழியம் என்ற பேச்சே இல்லை. மரம் வைத்தால் காய்க்க வருஷங்கள் ஆகும், நாளைக்கே ஊருக்குப் போகிறவன் மரம் வைக்க மாட்டான். 2 வருஷம் என்று நம்பியவன் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டான். 70 என்று ஏற்றுக்கொண்டவன்தான் குழி தோண்டுவான். நான் பார்த்தவரையில் பெட்டியைப் பிரிக்காமலே பாதி வாழ்க்கையைக் கடந்துவிட்ட விசுவாசிகள் நம்மில் நிறைய, நல்ல வேலை கிடைக்கட்டும், பிள்ளைகள் வளரட்டும், கடன் தீரட்டும், அப்புறம் கர்த்தருக்காக ஏதாவது செய்வோம் என்று. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற ஒரு பெண்ணிடம் போய், 70 வருஷம், பொறுத்துக்கொள் என்று சொல்ல இந்த அதிகாரத்தை யாரும் எடுக்கக் கூடாது. அது ஒரு ஜனத்துக்கு, ஒரு தேசத்தின் பாவத்துக்காக வந்த சிறையிருப்பில், எழுதப்பட்ட கடிதம். அடிக்கிறவனின் கைக்குத் துணையாக வசனம் சொல்கிறவன் எரேமியாவின் பக்கத்தில் இல்லை.

சரி, சித்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது? எபிரெயர் 5:14-இல் ஒரு வார்த்தை இருக்கிறது, "பயிற்சியினால்". பலமான ஆகாரம் பூரண வயதுள்ளவர்களுக்கு என்று சொல்லிவிட்டு, அவர்கள் யார் என்றால் நன்மை தீமையைப் பயிற்சியினால் பகுத்தறியத் தெரிந்தவர்கள் என்கிறது. ஞானஸ்நானம் எடுத்து எத்தனை வருஷம் ஆனது என்று அங்கே கேட்கவில்லை. பயிற்சி என்றால் தவறும் சேர்ந்துதான் வரும், செய்து பார்த்து, தடுமாறி, மறுபடி செய்து. எரேமியாவின் 32-ஆம் அதிகாரம் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். உன் பெரிய தகப்பன் மகன் வந்து ஆனதோத்திலிருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்று கேட்பான் என வார்த்தை வருகிறது. அதன்படியே அனாமெயேல் வந்து கேட்கிறான். அப்போதுதான் எரேமியா எழுதுகிறார், இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்று. 8-ஆம் வசனம். அதாவது, அவன் வந்து நிற்கும்வரை அவர் காத்திருந்தார். அத்தனை வருஷம் தீர்க்கதரிசியாக இருந்தவர்! நாமோ ராத்திரி ஒரு கனவு கண்டால் காலையில் ராஜினாமா கடிதம் எழுதுகிறோம்.

பணத்தை நிறுத்துக் கொடுத்தார், 17 சேக்கல் வெள்ளி. பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, எல்லாம் முறைப்படி. பிறகு பத்திரங்களை அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தனக்காக எழுதிக்கொடுக்கிற பாருக்கிடம் கொடுத்தார். இதெல்லாம் முடிந்த பிறகு ஜெபிக்கிறார், அந்த ஜெபத்தின் கடைசியில், ஆண்டவரே, நகரமே கல்தேயர், அதாவது பாபிலோனியர், கைக்குப் போகிறது, நீரோ நிலத்தை வாங்கச் சொல்கிறீரே என்று கேட்கிறார். கையெழுத்துப் போட்ட பிறகும் அவருக்குக் குழப்பம் இருந்தது. கீழ்ப்படிவதற்குக் குழப்பம் தீர வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் இதைத்தான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டேன், இன்னமும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, ஆனதோத் எது தெரியுமா? எரேமியாவின் சொந்த ஊர். 11-ஆம் அதிகாரத்தில் அவர் உயிரை வாங்கத் தேடியவர்களும் ஆனதோத்தின் மனுஷர்தான். தன்னைக் கொல்லப் பார்த்த ஊரில், எதிரி ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருக்கிற மண்ணில், தான் குடியிருக்கப் போகாத நிலத்தை, சிறையிலிருந்து காசு கொடுத்து வாங்கினார். பிற்பாடு ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வந்ததாக வேதம் சொல்லவில்லை. அந்த நிலத்தில் ஒரு நாளாவது நடந்தாரா என்றும் சொல்லவில்லை.

கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். அந்த நாட்களில் தானியேல், வாலிபனாகப் போனவர் இப்போது கிழவராகி, எரேமியாவின் எழுத்தைத் திறந்து 70 என்ற எண்ணை வாசித்து, உபவாசத்தோடு ஜெபிக்க உட்காருகிறார். அதைத் தானியேல் 9-இல் நீங்கள் வாசித்துக்கொள்ளலாம். கோரேஸ் உத்தரவு கொடுத்தான், ஜனங்கள் புறப்பட்டார்கள். புறப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதத்தை வரிசையாக வாசிக்கிறவர்கள்கூட வேகமாகப் புரட்டிவிடுகிற பக்கம், ஊர் பெயரும் எண்ணிக்கையும் மட்டும்தான். உங்கள் வேதாகமத்தைத் திறந்து 23-ஆம் வசனத்தில் விரலை வையுங்கள், நான் வாசிக்கிறேன்.

"ஆனதோத்தின் மனிதர் நூற்றிருபத்தெட்டுப்பேர்."