வாசலில் நின்றால் விளங்குமா?

நடுவர் அவர்களே, அவையோர் அனைவருக்கும் வணக்கம். 'சமயத்தை ஆராயச் சிறந்த வழி விலகி நிற்பதா, உள்ளே இறங்குவதா?' என்பது இன்றைய கேள்வி. இறங்குவதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மாக்ஸ் முல்லரில் தொடங்கினார். 1870இல் லண்டனில் சொற்பொழிவாற்றி, சமயங்களை ஒப்பிட்டு ஆராய்வதை ஓர் அறிவியலாக்க முனைந்தவர். ஒரே சமயத்தை அறிந்தவர் எதையும் அறியாதவர் என்றவர். பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ரிக் வேதத்தைப் பதிப்பித்த அவர் இந்திய மண்ணில் கால் வைத்ததே இல்லை. ஏட்டில் இருந்த இந்தியாவை அறிந்தார். விளக்கேற்றிக் கும்பிடும் இந்தியாவை?

அடுத்து பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் என்றார்கள். 1912இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சமயத்தை வைத்து அவர் பெரிய நூல் எழுதினார், பாரிஸில் உட்கார்ந்து! விலகி நிற்கலாம் ஐயா, அதற்காகக் கண்டம் விட்டுக் கண்டமா? அவர் பெரிதும் நம்பிய குறிப்புகளைத் திரட்டிய ஸ்பென்சரும் கில்லனும் அந்தச் சடங்குகளை நேரில் இருந்து பார்த்தவர்கள். எதிரணியின் சான்றே எங்கள் அணிக்காரர்களின் உழைப்பில்தான் நிற்கிறது.

இப்போது என் சாட்சி. பிரான்ஸின் மேற்கே பொக்காஜ் என்றொரு கிராமப்புறம். 1969இல் ழான் ஃபாவ்ரே-சாதா என்ற ஆய்வாளர் அங்கே சூனியத்தைப் பற்றி ஆராயப் போனார். 'அதெல்லாம் மூடநம்பிக்கை, இங்கே யாரும் நம்புவதில்லை' என்று கைவிரித்தார்கள். அது தற்காப்பு, நடுவர் அவர்களே. அங்கே சூனியத்தில் பேச்சே ஆயுதம். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்று ஒருவர் வர முடியாது. கேட்பவர் சூனியம் வைத்தவராகவோ, அதில் சிக்கியவராகவோ, எடுப்பவராகவோதான் இருக்க வேண்டும். இவரும் சிக்கிக்கொண்டார் என்று சிலர் எண்ணிய பிறகே வாய்கள் திறந்தன. வேறு சிலர் இவரையே சூனியம் எடுப்பவர் என்று நினைத்தார்கள். சீட்டு வைத்துப் பார்த்துச் சூனியம் எடுக்கும் பெண்மணி ஒருவரிடம் இவரும் போய் உட்கார்ந்தார். 1977இல் வெளிவந்த அவருடைய நூல் இப்படி விளைந்தது. வாசலோடு திரும்பியிருந்தால்? 'இங்கே ஒன்றுமில்லை' என்ற முடிவு அழகான அடிக்குறிப்புகளோடு அச்சாகியிருக்கும், அவ்வளவும் தவறு.

இறங்கினால் அறிவு மழுங்கும் என்று அடுத்த பேச்சாளர் சொல்வார், குறிப்பெடுப்பது தெரிகிறது. அன்றைய சூடானில் அசாண்டே மக்களிடையே வாழ்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் தம் வீட்டுக் காரியங்களையே அவர்கள் வழக்கப்படி குறி கேட்டு நடத்தினார். கோழிக்கு நஞ்சு கொடுத்து, சாகிறதா பிழைக்கிறதா என்று பார்க்கும் குறி. அதனால் சூனியத்தை நம்பிவிட்டாரா? 1937இல் வந்த நூலில், அசாண்டேக்கள் நினைக்கும் சூனியக்காரர்கள் இருக்கவே முடியாது என்றுதான் எழுதினார்.

அதே நூலில் ஒரு செய்தி. நிழலுக்கு ஒதுங்கியவர்கள் மேல் தானியக் குதிர் சரிகிறது. அதன் கால்களைக் கரையான் அரித்தது அசாண்டேக்களுக்கும் நன்றாகத் தெரியும். இவர்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரம் பார்த்து ஏன் சரிந்தது என்பதற்குத்தான் அவர்கள் சூனியத்தைக் காரணமாகச் சொன்னார்கள். தொலைவில் இருந்தவர் 'காரண காரியம் அறியாத மக்கள்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருப்பார்.

நடுவரின் கை மணியை நோக்கிப் போகிறது. எதிரணிக்கு ஒரே கேள்வி: விலகி நின்றபடியே பொக்காஜ்காரர்களை எப்படிப் பேச வைத்திருப்பீர்கள்? அதைச் சொல்லிவிட்டுப் பிறகு துர்கைமிடம் போங்கள்.