லூயிஸ் கரோல் கடிதம் எழுதிய விதம்

[திரையில்: ஆக்ஸ்ஃபோர்டு, கிறிஸ்ட் சர்ச் கல்லூரி]

வணக்கம். ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், இந்தக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1861 ஜனவரி 1 முதல், வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு, விஷயத்தைச் சுருக்கி, ஒரு பதிவேட்டில் எழுதிவந்தார். 1898-இல் இறந்தபோது அதில் கடைசி எண் 98,721! விருந்து வைத்தாலும் யார் எங்கே உட்கார்ந்தார், என்ன பரிமாறினோம் என்று குறித்துவைப்பார். அடுத்த முறை அதே ஆளுக்கு அதே பதார்த்தம் வந்துவிடக் கூடாதே.

[திரையில்: தபால்தலை உறை, 12 அறைகள்]

1890-இல் தபால்தலைகள் வைக்கும் இந்த உறையோடு, கடிதம் எழுதுவது பற்றி ஒரு சிறு கையேடும் போட்டார். உறையின் மேலட்டைப் படத்தில் ஆலிஸ் கையில் குழந்தை. உள்ளிருக்கும் உறையை உருவினால், அதன் மேலுள்ள படத்தில் குழந்தை பன்றிக்குட்டி ஆகியிருக்கும்!

அந்தக் கையேடு சொல்லும் முறை இது. பதில் எழுதுமுன் வந்த கடிதத்தை எடுத்து மறுபடி படியுங்கள். நண்பர் வெளியூர் விலாசத்தைத் தெளிவாகக் கொடுத்திருப்பார், நாமோ பழக்கத்தில் அவருடைய லண்டன் விலாசத்துக்கு அனுப்பிவிடுவோம். அடுத்து, கடிதத்தைத் தொடங்கும் முன்பே உறையில் விலாசம் எழுதித் தபால்தலையை ஒட்டுங்கள். கடைசிக்குத் தள்ளினால் விலாசம் கிறுக்கலாகும், தபால்தலை தீர்ந்திருக்கும், மூச்சிரைக்க ஓடிப்போய் நிற்கும்போது தபால்பெட்டி மூடியிருக்கும். ஒரு வாரம் கழித்து, 'விலாசம் புரியவில்லை' என்று கடிதம் திரும்பி வரும்.

நண்பருக்குக் கோபம் வரும்படி எழுதிவிட்டால் ஒருநாள் ஆறப்போடுங்கள். மறுநாள் அதை உங்களுக்கே வந்த கடிதமாக நினைத்துப் படியுங்கள். பெரும்பாலும் முழுவதையும் திருத்தி எழுதவேண்டி வரும்.

கையேட்டில் மிக நுட்பமான இடம் கேலி பற்றியது. காகிதத்தில் முகமும் குரலும் இல்லை, அதனால் அரைகுறைக் கிண்டல் குத்தலாகிவிடும். கடன் கொடுத்த ஒரு பவுன் நாணயத்தைத் திருப்பிக் கேட்கும்போது, 'கடன் மட்டும் வசதியாக மறந்துபோகிறதே' என்றால் நட்பே முறியலாம். மாறாக, 'பிக்பாக்கெட்டாகவும் கன்னக்கோல் திருடனாகவும் உன் நெடுநாள் தொழிலைப் பார்த்தவன் நான். பணத்தை வை, இல்லையேல் கோர்ட்டுக்கு இழுப்பேன்' என்று எழுதினால் யாரும் நிஜமென்று நம்பமாட்டார்கள். கேலி செய்தால், கேலிதான் என்று தெரியும் அளவுக்கு மிகைப்படுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு.

'செக் இணைத்துள்ளேன்' என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்து, செக்கை எடுத்து உறைக்குள் போடுங்கள். தபாலில் சேர்க்கப் போகும்போது கடிதம் கையிலேயே இருக்கட்டும். சட்டைப்பையில் போட்டால், போகும்போதும் வரும்போதும் தபால் நிலையத்தைத் தாண்டி நடந்து, கடிதத்தோடு வீடு திரும்புவீர்கள்.