தடைப் பத்தியும் தனிக் கணக்கரும்

(உள்ளாட்சி அமைப்புகளின் கணக்குப் பிரிவில் பணிபுரிவோர் சங்கத்தின் மாவட்ட ஆண்டுப் பொதுக்குழுவில், நகராட்சிக் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாவட்டத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் என நால்வகை அலுவலகங்களிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சங்கத்தின் செயல்பாடுகளையும் அவற்றால் உறுப்பினர்களுக்கு விளையும் நலன்களையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். சந்தாப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகச் சென்ற நாள்களில், புதிதாகப் பணியில் சேர்ந்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், சேர்ந்தால் என்ன கிடைக்கும்?" கேட்டதில் தவறில்லை. வரவைப் பார்க்காமல் செலவு எழுதக் கூடாது என்று பழக்கப்பட்டவர்கள் அல்லவா நாம். அந்தக் கேள்விக்கு நாட்குறிப்பு, நாட்காட்டி, பணி ஓய்வு நாளில் ஒரு சால்வை என்று பதில் சொல்லிவிட்டு ரசீது எழுதிய காலமும் உண்டு. அப்போதே சொல்லியிருக்க வேண்டிய பதிலை, எனக்கே நேர்ந்த ஒன்றைக் கொண்டு இன்று சொல்கிறேன்.

சிறிய நகராட்சி ஒன்றுக்கு மாறுதலாகிச் சென்றிருந்தேன். எனக்கு முன்பு இருந்தவர் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எதுவும் எழுதித் தராமல் வேறு மாவட்டத்தில் சேர்ந்துவிட்டார். வருமான வரிப் பிடித்தத்துக்கான காலாண்டு விவரப் படிவங்கள், அதாவது சம்பளத்துக்கான 24கியூவும் ஒப்பந்ததாரர்களுக்கான 26கியூவும், தாக்கல் செய்யப்படாமலே கிடந்தன. கடவுச்சொல்லோ அவருடைய கைப்பேசிக்குள் இருந்தது. நான் அவரைத் தேடிப் பிடித்து, படிவங்களைத் தாக்கல் செய்து முடித்தபோது 90 நாள்கள் ஓடிவிட்டன. 2012 ஜூலை முதல் இதற்கான தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 200 ரூபாய் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த தணிக்கைக்கு வந்தவர் நாள்களை எண்ணி, 200 ஆல் பெருக்கி, இரண்டு படிவங்களுக்கும் சேர்த்து நகராட்சிக்கு 36,000 ரூபாய் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு, இதைப் பொறுப்பானவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று தணிக்கை அறிக்கையில் தடைப் பத்தி, அதாவது ஆட்சேபக் குறிப்பு, எழுதிவிட்டார். பொறுப்பானவர் என்ற இடத்தில் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பெயர் இருந்தது.

ஆணையரிடம் போனேன், "பதில் எழுதி வையுங்கள்" என்றார். மேலாளரிடம் போனேன், அவருக்கு வேறு பத்திகள் இருந்தன. அன்று மாலை சங்கத்தின் பழைய நிர்வாகி ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினேன். பக்கத்து ஊர் நகராட்சியில் கணக்கராக இருந்தவர். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அந்தக் காலாண்டில் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடித்திருக்கிறீர்கள், அதைப் பாருங்கள்" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், 4,200 ரூபாய். "கட்டணம் பிடித்த வரியைவிடக் கூடுதலாக இருக்க முடியாது என்று அதே பிரிவில் இருக்கிறதே, படிக்கவில்லையா?" என்றார். 18,000 என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் 4,200தான் நிற்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் பேருந்து ஏறி வந்தவர், நான் பணியில் சேர்ந்த நாளையும் படிவத்தின் கெடு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மீதிக்கும் யார் பொறுப்பு என்பதைக் காட்டும் பதிலை என் எதிரிலேயே அமர்ந்து எழுதிக் கொடுத்தார். ஒரு தேநீருக்குமேல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பத்தி பிறகு நீக்கப்பட்டது.

சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு என் பதில் அந்தத் தொலைபேசி எண்தான்.

நம்முடைய வேலையின் இயல்பை வெளியில் இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். பொறியியல் பிரிவில் ஒருவர் தவறினால் இன்னொருவர் அளந்து பார்ப்பார். சுகாதாரப் பிரிவில் தவறினால் தெருவே சொல்லிவிடும். கணக்குப் பிரிவில் பல பேரூராட்சிகளில் இருப்பது ஒரே ஆள். ஒப்பந்ததாரர் ஒருவரின் பட்டியல் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம் புக்கில், அதாவது செய்த வேலையின் அளவுப் புத்தகத்தில், பதிந்த அளவும் பட்டியலின் தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, வருமான வரியைப் பிடித்து, ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 2018 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த 2 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. பிடித்தத்தையும் பிடித்து, கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 விழுக்காட்டை ஒதுக்கி, பிணைவைப்புத் தொகையை நிறுத்தி வைத்து, இவை ஒவ்வொன்றையும் தனித்தனித் தலைப்பில் ஏற்றி, அதனதன் கெடு நாளுக்குள் அதனதன் இடத்துக்கு அனுப்பிவைக்கவும் வேண்டும். இவ்வளவும் நடக்கும் நேரமெல்லாம் ஒப்பந்ததாரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நாம் வசூலிக்கும் நூலக வரியையும் நினைத்துப் பாருங்கள். அது நம் பணமே அன்று. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டியது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் பற்றாதபோது வங்கியில் கிடக்கும் அந்தத் தொகைமீதுதான் எல்லோருடைய கண்ணும் படுகிறது. "இப்போதைக்கு இதிலிருந்து எடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகச் சொல்பவர்கள் உண்டு. எழுத்தில் தருபவர்களைத்தான் காண முடிவதில்லை. பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனியாக நாம் பராமரிக்கும் கணக்குகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய தொகை திரும்பாமல் போனால், பத்து ஆண்டுகள் கழித்தும் அது தணிக்கையில் எழும். அப்போது வாய்மொழியாகச் சொன்னவர் எங்கே இருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பு எழுதி, உத்தரவு பெற்று, பிறகு செலவிடுங்கள் என்ற ஒரே பாடத்தைத்தான் சங்கத்தின் பயிற்சி வகுப்புகளில் நான் திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறேன். சலிப்பூட்டும் ஆசிரியர் என்ற பெயரும் எனக்கு உண்டு.

பயிற்சி என்றதும் பழைய காலம் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் இறுதியில் நம் மாநில நகராட்சிகளில் ரொக்க அடிப்படைக் கணக்கு போய், சேர்வடிப்படையிலான இரட்டைப் பதிவு முறை வந்தது. இந்தியாவில் இதை முன்னதாகக் கையிலெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. நடுவண் அரசின் தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு 2004இல்தான் வெளிவந்தது. வந்த பணத்தை மட்டும் எழுதிவந்த நம்மிடம், பணம் கைக்கு வருமுன்பே, கேட்பு எழுந்தவுடனேயே அதை வருவாயாக எழுத வேண்டும், கட்டடத்துக்குத் தேய்மானம் போட வேண்டும் என்று சொன்னபோது, "வராத பணத்தை எப்படி ஐயா வரவு என்று எழுதுவது?" என்று வெகுண்டெழுந்த மூத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசு நடத்திய பயிற்சி சில நாள்களில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, சனிக்கிழமை மாலைகளில் யாராவது ஒருவருடைய அலுவலகத்தில் கூடி, ஒரே நகராட்சியின் தொடக்க இருப்புநிலைக் குறிப்பை எடுத்துவைத்து எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம். அப்படித்தான் நான் அதைக் கற்றேன். அந்தக் கூட்டங்களுக்கு அறிக்கையோ பதாகையோ இருந்ததில்லை. நம் சங்கத்தின் செயல்பாடுகளிலேயே மிகப் பெரியதாக நான் கருதுவது அதுதான்.

அந்தத் தேவை இன்று கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நாம், 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. ஊரகப் பகுதித் தோழர்களுக்கு 2020இல் இ-கிராம் ஸ்வராஜ் என்ற இணையவழிக் கணக்குத் தளம் வந்தது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு உள்ளாட்சி அமைப்புகளுக்கென 4,36,361 கோடி ரூபாயைப் பரிந்துரைத்த 15ஆவது நிதிக்குழு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் இருந்தால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்தது. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வரும் பணம் ஒரு கணக்கர் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாளைப் பொறுத்திருக்கிறது என்பதை மன்ற உறுப்பினர்கள் உணர்ந்தார்களோ இல்லையோ, நாம் உணர வேண்டும். உணர்ந்தால், கூடுதல் பணியிடம் கேட்டு நாம் கொடுக்கும் மனுவின் முதல் பத்தியில் இதைத்தான் எழுதுவோம். வேலைப்பளு என்று பொதுவாக எழுதிய மனுக்கள் எத்தனையோ கோப்பில் தூங்குகின்றன.

இந்த இடத்தில் சற்று விலகிப் பேச அனுமதியுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று அது சொல்வதை மேடைகளில் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். கணக்கு எழுதுவோரைப் பற்றியும் அதில் விதி உண்டு என்பதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. பதவியில் இருந்த காலத்துக்கான கணக்கை ஒப்படைத்து, நேர்மையானவர் என்று ஏற்கப்பட்ட பிறகே ஒரு கணக்கரை மீண்டும் அமர்த்தலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். அதை முடிப்பதற்கு வேறொரு கணக்கரைக் கொண்டுவரக் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த விதியைப் படித்தபோது, ஒப்படைப்புப் பட்டியல் தராமல் போன என் முன்னவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நிதி சார்ந்த நலன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணியில் இருக்கும்போதே உறுப்பினர் ஒருவர் இறந்தால், சங்கத்தின் நல நிதியிலிருந்து குடும்பத்துக்கு உடனடியாக ஒரு தொகை போகிறது. அது பெரிய தொகை இல்லை. ஈமச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டாமல் இருக்க உதவும், அவ்வளவே. அதைவிடப் பெரிய உதவி அதற்குப் பின்வரும் மாதங்களில் தேவைப்படுகிறது. குடும்ப ஓய்வூதியக் கருத்துரு, பணிக்கொடை, அரசின் குடும்பப் பாதுகாப்பு நிதி, கருணை அடிப்படையிலான பணி நியமனத்துக்கான விண்ணப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று கேட்பார்கள். கணவரை இழந்த அம்மா எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் வராந்தாவில் நிற்பார்கள். நம் உறுப்பினர் ஒருவர் அந்தக் குடும்பத்தோடு கடைசிக் காகிதம் வரை உடன் போக வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். சில வட்டாரங்களில் இது நன்றாக நடக்கிறது; சில இடங்களில் தீர்மானமாகவே இருக்கிறது.

2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்த இளையவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்காக அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காட்டை மாதந்தோறும் நாமேதான் பிடித்தம் செய்துவந்திருக்கிறோம். ஊருக்கெல்லாம் சம்பளப் பட்டியல் போடும் நாம், நம் சொந்தக் கணக்கு அறிக்கையில் எந்த மாதம் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. மாறுதலான மாதங்களில்தான் வரவு பெரும்பாலும் விடுபடும். இன்று மாலையே ஒவ்வொருவரும் தத்தம் அறிக்கையை எடுத்து அந்த மாதங்களைச் சரிபாருங்கள். விடுபட்டவற்றை ஒன்றாகத் தொகுத்து மாவட்டச் சங்கமே உரிய அலுவலகத்துக்கு எழுதும்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வசூல் பணத்தைச் செலுத்தாமல் வைத்துக்கொண்ட ஒருவருக்காகச் சங்கம் குரல் கொடுக்கவில்லை என்று சிலருக்கு மனத்தாங்கல் இருக்கிறது. அவருக்கு விதிப்படி விளக்கமளிக்க வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்று கேட்டோம். அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பிழைக்கும் கையாடலுக்கும் உள்ள வேறுபாட்டை நாமே அழித்துவிட்டால், நாளை நேர்மையான ஒருவருக்காக நாம் எழுதும் பதிலைத் தணிக்கையாளர் எந்த முகத்தோடு படிப்பார்? அதேபோல, நம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கை சென்ற ஆண்டு பொதுக்குழுவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையில் கொடுக்கப்பட்டது. பொருளாளர் என் நண்பர், கோபித்துக்கொள்ள மாட்டார். இந்த ஆண்டு அது ஒரு வாரம் முன்பே அனைவருக்கும் வந்து சேர்ந்தது; நல நிதிக்கும் பொதுச் செலவுக்கும் தனித்தனியாக வங்கி ஒத்திசைவுப் பட்டியலும் இணைத்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் அச்சுச் செலவு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. அதை நான் பொருள்நிரலில் வரும்போது கேட்பேன்.

கடைசியாக, கூட்டமர்வு பற்றி. நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகளைத் தீர்ப்பதற்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையோடு கூட்டமர்வு நடத்தும்போது, ஆவணங்களோடு போனவர்களின் பத்திகள் தீர்கின்றன. "பதில் பின்னர் அளிக்கப்படும்" என்று எழுதிக்கொண்டு போனவர்களின் பத்திகள் அப்படியே திரும்பி வருகின்றன. ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகளே இருப்பவர்கள், நிலுவையில்லாச் சான்றுக்காகக் கடைசி மாதத்தில் அலையாமல், தங்கள் பெயரில் நிற்கும் பத்திகளை இப்போதே பட்டியலிட்டுக் கொண்டுவாருங்கள். இடப்பக்கம் நுழைவாயில் அருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். என்னைப் போல ஓய்வுபெற்ற மூன்று பேர் உணவு இடைவேளைக்குப் பிறகு அங்கே இருப்போம். செலவுச்சீட்டு நகல் இல்லை, உத்தரவு நகல் இல்லை என்று தயங்க வேண்டாம். பத்தியின் எண்ணும் ஆண்டும் மட்டும் இருந்தால் போதும், எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்துக்கொள்ளலாம். வணக்கம்.