பன்னித் தீவனத்துல கலந்த கடைசி மருந்து

[திரையில்: பெரிய ஷெட், நெருக்கியடிச்சு நிக்கிற பன்னிங்க]

2015 நவம்பர்ல சீனாவுல இருந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு, அதைப் படிச்ச டாக்டருங்க நெஜமாவே ஆடிப்போயிட்டாங்க. ஷாங்காய்ல ஒரு பண்ணைப் பன்னிகிட்ட எடுத்த ஈ.கோலை பாக்டீரியா, கொலிஸ்டின் போட்டும் சாகல. கொலிஸ்டின்னா என்னன்னா, கிட்னியைக் கெடுக்கும்னு தெரிஞ்சும் வேற எந்த ஆன்டிபயாடிக்கும் கேக்காத ஐசியூ பேஷன்ட்டுக்கு கடைசியா போடுற மருந்து. அதைத்தான் அங்க பன்னி சீக்கிரம் வெயிட் ஏறணும்னு தீவனத்துல கலந்துட்டு இருந்தாங்க, எனக்கு இன்னைக்கும் ஆத்தாமையா இருக்கு.

தினமும் கொஞ்சம் கொஞ்சமா மருந்து உள்ள போனா, தாங்காத கிருமி செத்துரும், தாங்குறது மட்டும் மிஞ்சி பெருகும், இது பழைய கதை. இங்க புதுசு என்னன்னா கிருமிக்கு கொலிஸ்டினைத் தாங்குற சக்தியைக் கொடுக்கிற எம்சிஆர்-1 ங்கற ஜீன்.

[திரையில்: ரெண்டு பாக்டீரியா, நடுவுல மெல்லிசா ஒரு இழை]

இந்த ஜீன் பிளாஸ்மிட்ங்கற குட்டி டிஎன்ஏ வளையத்துல உக்காந்திருக்கு. ஒரு பாக்டீரியா இழை நீட்டி பக்கத்துல இருக்கிறதை இழுத்து ஒட்டிக்கிட்டு அந்த வளையத்தோட காப்பியைக் கொடுத்துரும், வாங்குறது அதே இனமா இருக்கணும்னு கூட இல்ல. பன்னி குடல்ல இருந்தது மனுஷன் குடல்ல இருக்கிற வேற கிருமிக்குப் போகலாம்னா யோசிச்சுப் பாருங்க. அந்த ஆய்வுல 804 பன்னில 166, கடையில வாங்குன 523 பச்சை இறைச்சி சாம்பிள்ல 78, ஆஸ்பத்திரி பேஷன்ட்டுங்ககிட்ட எடுத்த 1322 சாம்பிள்ல 16லயும் இது இருந்துச்சு.

[திரையில்: கட்டிங் போர்டு, கத்தி]

அப்போ இறைச்சியே சாப்பிடக் கூடாதான்னா, அப்படி இல்ல. உள்வரைக்கும் நல்லா வெந்தா இந்தக் கிருமியும் மத்த கிருமி மாதிரி செத்துரும். மாட்டிக்கிறது அதுக்கு முன்னாடிதான். பச்சை இறைச்சி வெட்டுன போர்டுலயே அதே கத்தியால சாலட்டுக்கு வெள்ளரிக்கா நறுக்குறோம்ல, வெள்ளரிக்கா அடுப்புக்கே போகாது. அதனால போர்டு தனியா வெச்சுக்கோங்க, கையை சோப்பு போட்டு கழுவுங்க, இறைச்சியை மட்டும் குழாய்க்கு அடியில வெச்சு அலசாதீங்க, சுத்தி தெறிக்கும்.

ஆனா நம்ம கிச்சன்ல மட்டும் இதை நிறுத்த முடியாது, பண்ணையிலதான் நிக்கணும். ஐரோப்பிய யூனியன் 2006லயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலக்குறதை நிறுத்துச்சு. சீனா 2017ல தீவனத்துல கொலிஸ்டினை நிறுத்துச்சு, அப்புறம் எடுத்த ஆய்வுகள்ல பன்னிங்ககிட்ட இந்த ஜீன் நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. சீக்கு வந்த பன்னிக்கு மருந்து வேணாம்னு யாரும் சொல்லல, கால்நடை டாக்டர் பாத்துக் கொடுக்கட்டும். குட்டியை சீக்கிரமே தாய்கிட்ட இருந்து பிரிச்சா வயித்துப்போக்கு வருது, அதுக்குன்னு ஷெட்டு மொத்தத்துக்கும் மருந்து போகுது, இன்னும் கொஞ்ச நாள் பால் குடிக்க விட்டாலே அதுல பாதி மருந்துக்கு வேலை இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.